"அவர் உங்களுக்கு என்ன வேணும்?": இழப்புக்குப் பிறகு நம் ஆட்களைத் தேடி வருகிறவர்களுக்கு

சாவு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "நீங்க அவருக்கு என்ன வேணும்?" மாமனா, பங்காளியா, கூடப் படித்தவனா என்று தெரிந்தால்தான் உங்களை எங்கே உட்கார வைப்பது, எப்போது மாலை போடச் சொல்வது என்று அவர்களுக்குப் புரியும். 2017-ல் அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில், "ரூம் மேட்." ஆறு வருடம் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவனுக்கு, பைக் விபத்தில் ஒரே ராத்திரியில் போய்விட்டவனுக்கு, நான் ரூம் மேட். பந்தலின் கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது.

அப்படி ஒரு பதிலைச் சொல்லிவிட்டு அந்தக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் நம் ஆட்களுக்காக, தன்பாலீர்ப்பாளர்களுக்காகவும் திருநர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். துணையைப் பறிகொடுத்தவர்கள், உயிர்த்தோழியை இழந்தவர்கள், வீட்டு நெருக்கடி தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்ட ஒரு தம்பியின் நண்பர்கள். குறிப்பாக, இதுவரை கம்யூனிட்டி பக்கமே தலைகாட்டாமல், "அவன் உண்டு நான் உண்டு" என்று இருந்துவிட்டு, இப்போது அவனும் இல்லாமல் யாரிடம் போவது என்று திகைத்து நிற்பவர்கள். நான் மருத்துவனும் இல்லை, வக்கீலும் இல்லை. சென்னையில் எனக்கு நடந்ததையும், அதற்குப் பிறகு பல வீடுகளில் கூட இருந்து பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதல் இரவு

செய்தி வந்த அன்று ராத்திரி தனியாகப் படுக்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் நாளைக்குத் தள்ளலாம், இதை மட்டும் தள்ள முடியாது. உங்களைப் பற்றித் தெரிந்தவர் ஒருவரும் இல்லையென்றாலும் பரவாயில்லை. கூட வேலை பார்ப்பவர், பழைய ஹாஸ்டல் நண்பர், மேல் மாடி அக்கா, யாராக இருந்தாலும் சரி. இப்படி ஒரு மெசேஜ் போதும்: "எனக்கு ரொம்ப வேண்டியவங்க இறந்துட்டாங்க. இன்னிக்கு ராத்திரி யாராவது கூட இருக்கணும். வர முடியுமா?" உங்கள் கதையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. "ரொம்ப வேண்டியவங்க" என்ற சொல்லுக்கு மேல் அன்றைக்கு யாரும் தோண்டிக் கேட்க மாட்டார்கள். கேட்டால், "அப்புறம் சொல்றேன்" என்று சொல்லுங்கள்.

இறந்தவர் தற்கொலை செய்துகொண்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அந்த எண்ணம் கூட இருந்தவர்களையும் பிடித்துக்கொள்ளும். "நானும் போயிடலாம்" என்று மனதில் ஓடினால், வெட்கப்படாமல் பக்கத்தில் இருப்பவரிடம் அதே வார்த்தையில் சொல்லிவிடுங்கள். வாய்விட்டுச் சொன்னதும் அதன் பிடி கொஞ்சம் தளரும். கேட்டவரும் உங்களைத் தனியாக விட மாட்டார். சொல்ல ஆளில்லை என்றால் 14416-க்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல ஆலோசனைச் சேவை அது. இலவசம், நாள் முழுக்க இயங்கும், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-லும் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. போனில் உங்கள் பெயரையோ இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்பதையோ சொல்லாமலே பேசலாம். உடனடி ஆபத்து என்று தோன்றினால் 112, அல்லது பக்கத்திலிருக்கும் அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு.

அன்றைக்கே செய்யக்கூடாதது ஒன்று உண்டு. இறந்தவரின் போட்டோவை வானவில் கொடியோடு போட்டு இரங்கல் பதிவு எழுதாதீர்கள். அவர் யாரிடம் என்ன சொல்லியிருந்தார் என்பது உங்களுக்கு முழுதாகத் தெரியாது. உயிரோடு இருந்தபோது அவர் வெளியே சொல்லாததை, போன பிறகு நாம் சொல்லிவிடக் கூடாது. அதே போட்டோவில் தோளில் கை போட்டு நிற்கும் இன்னொருவரின் வீட்டிலும் அது பிரச்சினையைக் கிளப்பும். தற்கொலை என்றால் எப்படி இறந்தார் என்ற விவரத்தை எந்தக் குழுவிலும் எழுத வேண்டாம். விளிம்பில் நிற்கும் இன்னொரு பிள்ளை அதைப் படிக்கும்.

ஆஸ்பத்திரியிலும் ஸ்டேஷனிலும்

விபத்தோ தற்கொலையோ, இயற்கையல்லாத சாவு என்றால் போலீஸ் வழக்குப் பதிவு செய்யும், போஸ்ட்மார்ட்டம் நடக்கும், பிறகுதான் உடலைக் கொடுப்பார்கள். இந்த விசாரணைக்கான, முன்பு 174 என்று பேச்சில் அடிபட்ட சட்டப் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 194 ஆகிவிட்டது. கடைசியாகப் பார்த்தவர், கூடத் தங்கியிருந்தவர் என்ற வகையில் உங்களையும் விசாரிக்கலாம். தனியாகப் போகாதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அவருடைய போனிலோ உங்கள் போனிலோ பயத்தில் எதையும் அழிக்காதீர்கள். நாளைக்கு அதுவே உங்களைச் சந்தேகிக்கக் காரணமாகிவிடும்.

உங்கள் உறவை வைத்து யாராவது மிரட்டினால் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய நாட்கள் இரண்டு. 2018 செப்டம்பர் 6: வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம், தன்பாலின உறவைக் குற்றமாக்கியிருந்த 377-வது பிரிவின் பொருளைச் சுருக்கித் தீர்ப்பளித்த நாள். 2021 ஜூன் 7: நம்மைப் போன்றவர்களைப் போலீஸ் துன்புறுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் வழிகாட்டுதல் பிறப்பித்த நாள். இலவசச் சட்ட உதவிக்கு 15100. தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் எண் அது.

உடலை யார் வாங்குவது என்பதில் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். ரத்த சொந்தம் வந்து நின்றால் நடைமுறையில் அவர்கள் கைக்குத்தான் போகும். நெருங்கிய சொந்தம் யாரும் இல்லாதபோது துணைவர் உடலைப் பெறலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2024 ஆகஸ்டில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறது. வீட்டார் கைவிட்டவர்களுக்கு இது உதவும். மருத்துவமனையில் இது தெரியாதவர்கள் இருக்கலாம், எடுத்துச் சொல்லுங்கள். எனக்கு அன்றைக்கு அந்தக் கடிதமும் இல்லை, சட்டமும் இல்லை. "சொந்தக்காரங்க மட்டும்தான் உள்ள" என்று காவலாளி சொல்ல, விடிகாலை நாலு மணியிலிருந்து அவன் அண்ணன் ஊரிலிருந்து வந்துசேரும் வரை எதிர்த்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கையில் அவனுடைய ஹெல்மெட் இருந்தது. அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

பந்தலுக்குப் போவதா, வேண்டாமா?

முடிந்தால் போங்கள். முகத்தைப் பார்த்தது எனக்கு உதவியது. பார்க்காமல் விட்ட நண்பர்கள் சிலர் பல மாதம் அவர் எங்கோ ஊருக்குப் போயிருப்பது போலவே உணர்ந்ததாகச் சொன்னார்கள். ஆனால் ஒருவராகப் போகாமல் மூன்று நாலு பேராகப் போங்கள். "ஆபீஸ் ஃபிரெண்ட்ஸ்" என்று சொல்லி வாசலில் நுழைந்தால் யாரும் துருவ மாட்டார்கள். உங்களுக்கு அழுகை கட்டுக்கடங்காமல் வரும் என்று தெரிந்தால், ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். அவர் உங்களை வெளியே அழைத்துப் போய்த் தண்ணீர் கொடுப்பதற்காகவே வரட்டும்.

மிகக் கொடுமையானது, இறந்தவர் திருநங்கையாகவோ திருநம்பியாகவோ இருந்து, வீட்டார் பழைய பெயரைச் சொல்லி, பழைய உடையைப் போட்டு, முடியை வெட்டிப் படுக்க வைத்திருப்பது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியாது, எனக்குத் தெரியும். அந்த வீட்டில் இறந்தவர் மேல் கொஞ்சமாவது பாசம் வைத்திருந்த ஒருவர் இருப்பார், பெரும்பாலும் ஒரு அத்தையோ தங்கையோ. அவரைத் தனியாக அழைத்து ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: "அந்தப் புடவையை மேல போர்த்த மட்டும் விடுங்கம்மா." சில வீடுகளில் இது நடந்திருக்கிறது. நடக்கவில்லை என்றால் உடலை நடுவில் வைத்துக்கொண்டு சண்டை வேண்டாம் என்பது என் கருத்து. இதில் என்னோடு கடுமையாக முரண்படுகிற தோழர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தச் சண்டையில் அடிபட்டு, ஸ்டேஷன் வரை இழுக்கப்பட்டு, கடைசியில் துக்கப்படவே நேரமில்லாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் பெயரை அவர் பெயராகவே சொல்லி அழ நமக்கு வேறு இடம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாம் நாள்

பால் தெளித்து முடிந்ததும் சொந்தக்காரர்கள் சாவு வீட்டுக்குச் சாப்பாடு அனுப்புவார்கள். ரூம் மேட்டுக்கு யாரும் அனுப்ப மாட்டார்கள். ஆபீஸில் லீவும் தர மாட்டார்கள். நான் மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து, விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

கதவைத் தட்டியது, அவனுக்குப் பழக்கமான ஒரு திருநங்கை அக்கா. எனக்கு அவரை முகம் மட்டும்தான் தெரியும். கையில் ஒரு தூக்குவாளி. உள்ளே வந்து, விளக்கைப் போட்டு, தட்டைத் தானே தேடி எடுத்துக் கழுவினார். ரசத்தை ஊற்றிப் பிசைந்து வைத்துவிட்டுத்தான் பேசினார்: "சொல்லுடா, உனக்கு என்ன வேணும்?"

மூன்று நாளாக எல்லோரும் என்னிடம் அவன் எனக்கு என்ன வேணும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு என்ன வேணும் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். பதில் சொல்லத் தெரியவில்லை. கொடியில் அவனுடைய நீலச் சட்டை ஒன்று, விபத்துக்கு முதல் நாள் துவைத்துப் போட்டது, அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்துவிட்டார். "மடிச்சு வெக்கவா, அப்படியே இருக்கட்டுமா?" என்றார். இருக்கட்டும் என்றேன். இன்னும் இருபது நாள் அது அங்கேயே இருந்தது. அதற்குப் பிறகு வந்து, அவர்தான் மடித்துக் கொடுத்தார்.

இதில் உங்களுக்கான வழி என்னவென்றால், முதல் வாரத்தில் "ஆதரவு" என்ற பெரிய சொல்லைத் தேடிப் போகாதீர்கள். சாப்பாடு, தூக்கம், ஒரு ஆள். யாராவது "ஏதாவது வேணும்னா சொல்லு" என்றால், "ஒண்ணும் வேணாம்" என்று பழக்கத்தில் சொல்லிவிடாமல் சின்னதாக ஒன்றைக் கேளுங்கள். "சாயங்காலம் ரெண்டு இட்லி வாங்கிட்டு வர்றியா?" "பேங்க் வரைக்கும் கூட வர்றியா?" கேட்கப்பட்டவருக்கும் அது ஆறுதல்.

பதினாறு நாளுக்குள் ஒரு குழுவைத் தேடுங்கள்

பதினாறாம் நாளோ, நாற்பதாம் நாளோ, உங்கள் வழக்கம் எதுவோ, அதற்குள் ஒரு குழுவோடு தொடர்பு வைத்துக்கொள்ளப் பாருங்கள். காரியம் முடிந்ததும் ஊர் பழையபடி ஓடத் தொடங்கிவிடும். உங்களுக்குத் துக்கம் அப்போதுதான் உள்ளே இறங்கும்.

சென்னையில் ஓரினம் என்ற நம் ஆட்களின் குழு 2003 முதல் இயங்குகிறது. அதன் இணையதளத்தில் தமிழிலும் படிக்கலாம். மனநலம், சட்டம், குடும்பத்தாருக்கான விளக்கம் என்று பல விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். சகோதரன் அமைப்பு 1998-ல் தொடங்கியது. திருநங்கைகள், கோதிகள் (பெண் தன்மையோடு பழகும் ஆண்கள்) மத்தியில் நெடுங்காலமாக வேலை செய்கிறது. நிறங்கள் என்ற அமைப்பும் சென்னையில் இருக்கிறது. முதல் கடிதம் நீளமாக இருக்க வேண்டாம். "நான் சமீபத்தில் என் துணையை இழந்தேன். இதுவரை யாரிடமும் பேசியதில்லை. தமிழில் பேச ஒருவர் கிடைப்பாரா?" என்று எழுதினால் போதும். இவற்றை நடத்துகிறவர்கள் பலர் தன்னார்வலர்கள், பகலில் வேறு வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு நாளில் பதில் வரவில்லை என்றால் உங்களைத் தள்ளிவிட்டார்கள் என்று நினைக்காமல் இன்னொரு முறை எழுதுங்கள்.

முதல் கூட்டத்துக்குப் போகும்போது, உண்மைப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. பேச வேண்டியதில்லை. "இன்னிக்கு நான் கேக்க மட்டும் வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு உட்காரலாம். போட்டோ எடுக்கிறார்களா என்று நுழையும்போதே கேளுங்கள். எல், ஜி, பி, டி என்று எழுத்துகள் தெரியவில்லை, பால்புதுமையர் என்றால் என்ன என்று தெரியவில்லை என்று கூச்சப்பட வேண்டாம். இந்தச் சொற்களுக்குத் தமிழக அரசே ஒரு சொற்பட்டியலை 2022-ல்தான் அரசிதழில் வெளியிட்டது. நம்மில் பலருக்கும் அவை புதிது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாக் குழுவும் எல்லோருக்கும் பொருந்தாது. சில இடங்களில் பேச்சு முழுக்க ஆங்கிலத்தில் ஓடும். கடலூரிலிருந்து வந்து கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் பையன் ஒரு மூலையில் வாயடைத்துப் போய் இருப்பான். சாதி நம் கூட்டத்துக்குள்ளும் இருக்கிறது. கூடப் பிறந்தவளாகப் பழகியவள் ஊர், தெரு என்று விசாரிக்கத் தொடங்கினால் எதற்கு என்று உங்களுக்குப் புரியும். பெண்களுக்கு ஆண்கள் நிறைந்த அறை ஒத்துவராமல் போகலாம். ஒரு கூட்டம் ஒட்டவில்லை என்றால் "கம்யூனிட்டியே இப்படித்தான்" என்று கதவைச் சாத்திவிடாதீர்கள். எனக்கு மூன்றாவதாகப் போன இடம்தான் ஒட்டியது. அதுவும் கூட்டத்தில் இல்லை, கூட்டம் முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது.

திருநங்கையாக இருந்தால் உங்களுக்கு ஜமாத் என்ற பழைய வீடு இருக்கிறது. அம்மா, மகள், பாட்டி, பேத்தி என்று முறை வைத்துக் கட்டிய குடும்பம் அது. "பாம்படுத்தி" என்று வணக்கம் சொல்லி ஒரு மூத்தவர் முன்னால் நின்றால், செத்தவள் உனக்கு என்ன முறை என்று அவர்களும் கேட்பார்கள்தான். ஆனால் நீங்கள் சொல்லும் முறையை அங்கே ஒப்புக்கொள்வார்கள். ஜமாத்துக்கென்று கட்டுப்பாடுகள் உண்டு, எல்லாத் திருநருக்கும் அது பிடிப்பதில்லை. பிடிக்காதவர்களும் துக்கத்தில் அங்கே போய் அழுதுவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

டேட்டிங் ஆப்பில் ஆறுதல் தேடுவது பற்றியும் ஒரு வார்த்தை. தூக்கம் வராத ராத்திரியில் கை அங்கேதான் போகும், அதில் தவறில்லை. ஆனால் துக்கத்தில் இருப்பவரை மோப்பம் பிடிக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். முதல் மூன்று மாதம் யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள், முகம் தெரியும் அந்தரங்கப் படம் அனுப்பாதீர்கள், புதியவரை வீட்டுக்கு அழைக்காமல் நாலு பேர் நடமாடும் இடத்தில் சந்தியுங்கள்.

கவுன்சிலரிடம் முதல் போனிலேயே கேட்க வேண்டியது

"என் துணைவர் ஆண். நானும் ஆண். அவர் இறந்துவிட்டார். இது பற்றிப் பேச உங்களுக்குப் பழக்கம் உண்டா?" இந்தக் கேள்விக்குப் பதில் வரும் விதத்திலேயே தெரிந்துவிடும். "முதல்ல அந்தப் பழக்கத்தைச் சரி பண்ணலாம்" என்றோ "ஒரு கல்யாணம் பண்ணிக்கிட்டா" என்றோ பேச்சு திரும்பினால் போனை வையுங்கள், காசு கட்டியிருந்தாலும் எழுந்து வாருங்கள். தன்பாலீர்ப்பு நோயில்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கம் 2018-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மாற்றுகிறேன் என்று "சிகிச்சை" தருவதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 தீர்ப்பில் தடை செய்தது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறாக அறிவித்தது. மனநலச் சட்டம் 2017-ன்படி பாலீர்ப்பை வைத்துச் சிகிச்சையில் பாகுபாடு காட்டக் கூடாது. நீங்கள் சொன்னதைக் கவுன்சிலர் உங்கள் வீட்டாரிடம் சொல்லவும் கூடாது.

அவர் பெயரைச் சொல்லி அழ ஓர் இடம்

பந்தலில் கிடைக்காததை நாமே செய்துகொள்ளலாம் என்று முன்னால் சொன்னேன். அதற்குப் பெரிய செலவில்லை. ஒரு வீடு அல்லது கடற்கரை, பத்துப் பேர், ஒரு போட்டோ, அவருக்குப் பிடித்த பலகாரம். ஒவ்வொருவரும் அவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், புகழ்ச்சியாக இல்லாமல் நடந்த ஒன்றாக. எங்கள் கூட்டத்தில் ஒருத்தி, அவன் தன்னிடம் வாங்கிய முந்நூறு ரூபாயைக் கடைசிவரை திருப்பித் தரவில்லை என்று சொல்லிக்கொண்டே அழுதாள். கல்லூரி முடிக்காத ஒரு பையன், அன்றைக்குத்தான் முதல் தடவை வந்தவன், என்னிடம் கேட்டான்: "அண்ணா, அவர் உங்களுக்கு என்ன வேணும்?" நான் சொன்னேன். பத்துப் பேர் முன்னால், சத்தமாக.

உலகம் முழுக்க நம் ஆட்கள் இப்படித்தான் தங்கள் துக்கத்துக்குத் தாங்களே சடங்கு செய்துகொண்டார்கள். எய்ட்ஸில் பிள்ளைகள் கொத்துக் கொத்தாகப் போன காலத்தில், அமெரிக்காவில் இறந்தவர் ஒவ்வொருவருக்கும் மூன்றுக்கு ஆறு அடியில், ஒரு குழி அளவுக்கு, துணியில் பெயர் தைத்தார்கள். 1987 அக்டோபரில் அவற்றை வாஷிங்டன் திடலில் விரித்தார்கள். 1998-ல் பாஸ்டனில் ரீட்டா ஹெஸ்டர் என்ற கறுப்பினத் திருநங்கை கொல்லப்பட்டதன் நினைவாகத் தொடங்கியதுதான் நவம்பர் 20, திருநர் நினைவு நாள். 2016 ஜூன் 12-ல் ஒர்லாண்டோவின் பல்ஸ் விடுதியில் 49 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, ஆளையே தெரியாத நாங்கள் இங்கே ஒரு மொட்டைமாடியில் மெழுகுவர்த்தி ஏற்றி 49 பெயரையும் வாசித்தோம். தெரியாதவர் சாவுக்கு ஏன் இவ்வளவு அழுகை என்று உங்களுக்கும் எப்போதாவது தோன்றியிருக்கலாம். அதுவும் துக்கம்தான், அதற்கும் ஆள் தேடி வரலாம்.

நமக்குத் துணி தைத்துப் பழக்கமில்லை, ஒப்பாரி பழக்கமுண்டு. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரை மாதம் திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து, வளையல் உடைத்து, மாரில் அடித்து அழுது, வெள்ளைப் புடவை கட்டுகிறார்கள். டிவியில் காட்டுவது அழகிப் போட்டியைத்தான். என்னை அங்கே கூட்டிப்போன அதே அக்கா, தாலி அறுத்தபோது அரவான் பெயரோடு தன் மகள் ஒருத்தியின் பெயரையும் சேர்த்துச் சொல்லி அழுதார். அவளை வீட்டார் பையனாகப் புதைத்திருந்தார்கள். ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்த அழுகை அது. அந்தக் கூட்டத்தில் யாரும் அவரை நிறுத்தவில்லை. பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே அழுதார்.

குற்ற உணர்ச்சி பற்றி

"அன்னிக்கு போனை எடுத்திருந்தா..." என்பது தற்கொலைக்குப் பிறகு எல்லோரும் சொல்வது. போனை எடுத்தவர்களும் வேறு ஒன்றைச் சொல்வார்கள். ஒரு சாவுக்குக் காரணங்கள் பலவாகச் சேர்கின்றன. வீட்டு அடி, வேலை போனது, கவனிக்காமல் விட்ட மனச்சோர்வு, ஊர்ப் பேச்சு என்று. உங்கள் ஒரு போனில் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. குழுவுக்குள் "நீதான் காரணம்" என்ற பேச்சு கிளம்பினால் மூத்தவர் ஒருவர் தலையிட்டு நிறுத்த வேண்டும். அந்த வாரத்தில் அப்படிச் சுட்டப்பட்டவரை நினைத்துத்தான் எனக்குப் பயம் அதிகம். ஒரு சாவுக்குப் பிறகு நாங்கள் செய்வது இதுதான்: மிக நெருங்கியவர்கள் ஐந்தாறு பேரின் பட்டியல் போட்டு, ஒவ்வொருவரையும் தினமும் ஒருவர் நேரில் பார்க்க முறை வைப்போம். ஒரு மாதம். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவை. பிறந்தநாள், தீபாவளி, தலைத் திவசம் என்று மனது ஆடும் நாட்களைத் தனியே குறித்து வைப்போம்.

ஆறு மாதத்துக்குள் எழுதி வைக்க வேண்டிய காகிதம்

இது வறட்சியான பகுதி, ஆனால் அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த நான் இதை விட்டுவிட மாட்டேன். நீங்கள் புதிதாக ஒருவரோடு வாழ்ந்தாலும் தனியாக வாழ்ந்தாலும் செய்யுங்கள்.

பேங்க் கணக்கில் துணைவரை நாமினியாகப் போடலாம், கூட்டுக் கணக்கும் தொடங்கலாம். தடையில்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் விளக்கம் தந்திருக்கிறது. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, நீங்கள் கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் செல்லும். சாட்சியாக நிற்பவருக்கு உயிலில் பங்கு எழுதாதீர்கள். மனநலச் சட்டத்தின்படி, சிகிச்சை நேரத்தில் உங்களுக்காகப் பேச யாரை வேண்டுமானாலும் நியமனப் பிரதிநிதியாக எழுதி வைக்கலாம், ரத்த சொந்தமாக இருக்கத் தேவையில்லை. திருநர்கள், 2019 சட்டப்படி கலெக்டர் தரும் அடையாளச் சான்றிதழை வாங்கி, மற்ற ஆவணங்களிலும் பெயரை மாற்றிவிடுங்கள். கடைசிச் சான்றிதழில் எந்தப் பெயர் வரும் என்பது அதைப் பொறுத்ததுதான்.

உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் நமக்குத் திருமண உரிமை தர மறுத்தது. ஆனால் 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், இரு பெண்கள் தொடர்பான வழக்கில், குடும்பம் என்பது திருமணத்தால் மட்டும் அமைவதில்லை, நாமே தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பம்தான் என்று சொல்லியிருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் காவலாளிக்கு இது போதாது. வக்கீலுக்கு உதவும்.

சின்ன ஊரில் இருந்தால்

ஊரில் குழு ஏதும் இல்லை என்றால் போனே குழு. இயர்போன் போட்டுக்கொண்டு மொட்டைமாடியிலோ வயல் வரப்பிலோ நடந்தபடி பேசுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே ஆள். வீட்டில் போனை எடுத்துப் பார்ப்பார்கள் என்றால் அந்த எண்ணை வேறு பெயரில் சேமித்து வையுங்கள். வருடத்தில் ஒரு தடவை சென்னைக்கு வர முடிந்தால் ஜூனில் வாருங்கள், 2009-ல் தொடங்கிய வானவில் சுயமரியாதைப் பேரணி அந்த மாதம்தான். துக்கத்தில் இருப்பவர் பேரணிக்கு வரலாமா என்று கேட்பார்கள். இறந்தவர்கள் படங்களைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்களும் அதில் உண்டு, அவர்களோடு நடக்கலாம்.

கடைசியாக, சாவி

ஒரு வருடம் கழிந்தபின் உங்களிடமும் யாராவது ராத்திரி பதினோரு மணிக்கு எழுதுவார்கள்: "அண்ணா, உங்க நம்பர் ஒருத்தங்க கொடுத்தாங்க." அறிவுரையைத் தள்ளிவைத்துவிட்டு, சாப்பிட்டாரா, கூட யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பிறகு நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று பாருங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டுச் சாவிக்கு ஒரு நகல் போட்டு, உங்களைப் பற்றி முழுதாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். என்னுடையது அந்த அக்காவிடம் இருக்கிறது. அவருடையது என் மேஜை டிராயரில்.